தீரர் சத்தியமூர்த்தி

வில்லும் வாளும் ஏந்திப் போர்க்களம் புகுவது வீரம். படைக்கலம் ஏதுமின்றி, பகைவர் அமைத்த அவைக்குள்ளேயே புகுந்து, அவர் வகுத்த விதிகளையே துணையாகக் கொண்டு, சொல் ஒன்றினாலேயே அவரைக் கலங்கச் செய்வதும் வீரமே. முன்னதைக் காட்டிலும் இஃது எளிதென்று கருதுதல் கூடாது. நூல் பல கற்றோரும் அவை கண்டு நடுங்குதல் உண்டு. அதனாலேயே திருவள்ளுவர், அவை அஞ்சாமை என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இந்திய நாட்டின் விடுதலைப் போரில் இவ்விரண்டாம் வகை வீரத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் சத்தியமூர்த்தி. தமிழ் மக்கள் அவர் பெயருக்கு முன்னே தீரர் என்னும் அடைமொழியைச் சேர்த்து வழங்கினர். அம்மொழி அவருக்கு முற்றும் பொருந்துவதாயிற்று.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், பாறைமேல் எழுந்த பழங்கோட்டையால் பெயர் பெற்றது திருமயம் என்னும் ஊர். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். அவருடைய தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வழக்கறிஞர். மகனுடைய வளர்ச்சியைக் கண்டு மகிழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. சத்தியமூர்த்தி சிறுவராயிருந்தபோதே அவர் காலமானார். தாயையும் உடன்பிறந்தாரையும் பேணும் பொறுப்பு இளமையிலேயே சத்தியமூர்த்தியின் தோள்மேல் விழுந்தது. வறுமை வந்தபோதும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். அதன்பின் சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து தேர்ச்சியடைந்தார்.

சட்டப் பட்டம் பெற்ற அவர், வி. வி. சீனிவாச ஐயங்காரிடமும், எஸ். சீனிவாச ஐயங்காரிடமும் தொழில் பயின்றார். இவர்களுள் பின்னவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் பதவியை வகித்தவர்; அதனைத் துறந்து காங்கிரசில் ஈடுபட்டு, 1926ஆம் ஆண்டு கௌகாத்தியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். இத்தகையோரிடம் பயின்ற சத்தியமூர்த்தி, சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கவும், எதிர்வாதம் எழுமுன்னரே அதனை உய்த்துணர்ந்து விடை தேடி வைக்கவும் கற்றார். வழக்கு மன்றத்தில் பொருளீட்டுதற்கு உதவக்கூடிய இப்பயிற்சியை, அவர் நாட்டின் வழக்கை எடுத்துரைப்பதற்கே பெரிதும் பயன்படுத்தினார்.

நாட்டில் எழுந்த பல நெறிகள்

அக்காலத்தில் தென்னாட்டில் விடுதலை வேட்கை பொங்கி எழுந்திருந்தது. வழக்கறிஞராகிய வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் ஓட்டினார். 1908ஆம் ஆண்டு சிறைத் தண்டனை பெற்றுச் செக்கிழுத்தார். குற்றால மலைச்சாரலை அடுத்துள்ள செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன், 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில், திருநெல்வேலி மாவட்டக் கலெக்டர் ஆஷ் என்பவரைச் சுட்டுக் கொன்று, தன்னுயிரையும் மாய்த்துக் கொண்டான். தென்காசியும் வடகரையும் செங்கோட்டையும் சூழ்ந்த அந்நிலப்பகுதி அச்செய்தியால் அதிர்ந்தது.

ஒருவர் வாணிகத்தால் அந்நியரை வெல்ல முயன்றார். ஒருவன் துப்பாக்கியை நாடினான். சத்தியமூர்த்தியோ மூன்றாவதொரு நெறியைத் தெரிந்தெடுத்தார். ஆங்கிலேயர் தம் நாட்டில் பாராளுமன்ற ஆட்சியை வளர்த்தவர். அந்த ஆட்சிமுறையின் பெயராலேயே அவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டேயிருந்தால், ஒருநாள் அவர்கள் விடை சொல்ல இயலாமல் நிற்பர் என்பது அவர் கருத்து.

1919ஆம் ஆண்டில் இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி இலண்டனில் பாராளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று ஆராய்ந்தது. அக்குழுவின்முன் நாட்டின் குறைகளை எடுத்துரைக்கக் காங்கிரஸ் அனுப்பிய தூதுக் குழுவில் சத்தியமூர்த்தியும் ஒருவராகச் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டே. ஆங்கில மொழியில் அவருக்கிருந்த ஆற்றல் கடல் கடந்தும் பயன்பட்டது. அதன்பின் 1925ஆம் ஆண்டிலும் அவர் இங்கிலாந்து சென்று இந்தியாவின் கோரிக்கையை விளக்கினார்.

சட்டசபைக்குச் செல்வதா, புறக்கணிப்பதா?

காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம், அரசாங்கப் பள்ளிகளையும் வழக்கு மன்றங்களையும் சட்டசபைகளையும் புறக்கணிக்குமாறு மக்களை அழைத்தது. 1922ஆம் ஆண்டு அவ்வியக்கம் நிறுத்தப்பட்டபின், காங்கிரசுக்குள் ஒரு பெரும் விவாதம் மூண்டது. சட்டசபைகளை அறவே தள்ளிவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். உள்ளே புகுந்து போராட வேண்டும் என்பார் மற்றொரு சாரார். அவ்வாண்டு டிசம்பரில் கயையில் கூடிய காங்கிரசில் புறக்கணிப்புக் கட்சியே வென்றது. அக்கட்சிக்காக முன்னின்று வாதாடியவர் இராஜாஜி. சட்டசபைக்குச் செல்வதே தக்கதென்ற சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுயராஜ்யக் கட்சியைத் தோற்றுவித்தனர். சத்தியமூர்த்தி அக்கட்சியில் சேர்ந்து உழைத்தார்.

காந்தியடிகளிடம் அவருக்கு மதிப்பு இல்லாமலில்லை. ஆயினும் தம் மனத்திற்கு உண்மையென்று பட்டதை மறைத்துப் பேச அவர் அறியார். ஆட்சியாளரின் கோட்டைக்கு ஒரு வாயில் திறந்திருக்கும்போது, அதனைப் பிறர் கைப்பற்றுமாறு விட்டுவிட்டு வெளியே நிற்பதில் பயனில்லை என்று அவர் எண்ணினார். பெரும்பாலோர் போற்றும் தலைவரின் கருத்துக்கு மாறாக நிற்பதற்கும் ஒரு துணிவு வேண்டும் அன்றோ?

1923ஆம் ஆண்டு அவர் பல்கலைக்கழகத் தொகுதியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அக்காலத்து ஆட்சி இரட்டையாட்சி எனப்பட்டது. கல்வி, சுகாதாரம் முதலிய துறைகள் அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதி, காவல் முதலிய உயிர்நிலைத் துறைகள் கவர்னர் கையிலும், அவருடைய நிருவாகசபையினர் கையிலும் இருந்தன. அதிகாரம் ஓரிடத்தும் பொறுப்பு மற்றோரிடத்தும் இருந்த இவ்வமைப்பின் போலித்தன்மையைச் சத்தியமூர்த்தி அவையில் இடைவிடாது எடுத்துக் காட்டினார். 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சியே சென்னையில் தனிப்பெருங் கட்சியாக வந்தது. ஆயினும், இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையின்படி அக்கட்சி அமைச்சரவை அமைக்க மறுத்துவிட்டது.

சிறந்தோரிடத்தும் குறை காணப்படுதல் உலகியல்பு. கோயில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டசபையில் முயன்றபோது, பழைய மரபுகளில் பற்று மிகுந்த சத்தியமூர்த்தி அம்முயற்சியை எதிர்த்தார். நாட்டின் அடிமைத்தளையை அவ்வளவு தெளிவாகக் கண்ட அவருடைய கண்கள், அப்பெண்களின் அடிமைத்தளையைக் காணவில்லை. காலம் முத்துலட்சுமி அம்மையாரின் பக்கமே தீர்ப்பளித்தது. 1947ஆம் ஆண்டு அவ்வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. நாவன்மை எத்துணைச் சிறந்ததாயினும், அது நிற்கும் பக்கம் அறத்தின் பக்கமாக இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வீதியிலும் மேடையிலும்

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சட்டசபைப் பணியில் அத்துணை நம்பிக்கை கொண்டிருந்தும், நாடு முழுவதும் போரில் இறங்கியபோது சத்தியமூர்த்தி ஒதுங்கி நிற்கவில்லை. அவ்வாண்டு சென்னைத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின் உச்சியில் தேசியக் கொடியை ஏற்ற முயன்றபோது அவர் கைது செய்யப்பட்டார். அவையில் முழங்கிய குரல் சிறைச்சாலை புகுந்தது.

அவர் நாடகத்திலும் இசையிலும் பெருங்காதல் கொண்டவர். பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் சேர்ந்து தாமும் நடித்தவர். கற்றோர் பலர் நாடகக் கலைஞரை மதியாதிருந்த அந்நாளில், சத்தியமூர்த்தி அவர்களை மதித்து நாட்டுப்பணிக்கு அழைத்தார். எட்டுக்கட்டை என்று புகழப்பெற்ற இனிய குரலுடைய கே. பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியதற்கு அவருடைய தூண்டுதல் முக்கிய காரணமாகும். ஆங்கிலத்தில் சட்ட நுட்பம் பேசிய அதே நாவால் ஊர்தோறும் சென்று எளிய தமிழில் பொதுமக்களிடமும் அவர் பேசினார். எழுத்தறியா உழவரும் சுயராஜ்யம் என்பதன் பொருளை அறியுமாறு செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

மத்திய சட்டசபையில்

1934ஆம் ஆண்டு காங்கிரஸ் மீண்டும் தேர்தலில் ஈடுபட்டது. மத்திய சட்டசபைக்குச் சென்னை நகரத்தில் போட்டியிட்ட சத்தியமூர்த்தி, நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவரும் சிறந்த பேச்சாளருமாகிய ஏ. இராமசாமி முதலியாரை வென்றார்.

அச்சபையின் இயல்பை அறிந்தாலன்றி அவர் ஆற்றிய பணியின் அருமை விளங்காது. உறுப்பினர் 145 பேர். அவர்களுள் 41 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர். தேர்ந்தெடுக்கப்பட்ட பிறரும் பல குழுக்களாகப் பிரிந்திருந்தனர். ஆகவே, காங்கிரஸ் கட்சி ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் பிறருடைய துணையை நாடி வெல்ல வேண்டியிருந்தது. வென்றபோதும் பயன் உடனே கைகூடாது. சபை தள்ளிய மசோதாவையும் வைசிராய் தம் தனியதிகாரத்தால் சான்றளித்துச் சட்டமாக்கலாம். வரவுசெலவுத் திட்டத்தின் பெரும்பகுதி வாக்கெடுப்புக்கே வருவதில்லை.

இத்தகைய அவையில் பேசிப் பயனென்ன என்று சிலர் கேட்டனர். சத்தியமூர்த்தியின் செயலே அதற்கு விடையாயிற்று. நாள்தோறும் கேள்வி நேரத்தில் அவர் தொடுக்கும் துணைக்கேள்விகளுக்கு அரசாங்க உறுப்பினர் அஞ்சினர். அறிக்கைகளையும் கணக்குகளையும் விதிகளையும் முன்கூட்டியே துருவிப் படித்து, அவற்றிலிருந்தே வினாக்களை எழுப்புவார். ஒரு விடையிலிருந்து அடுத்த வினா பிறக்கும்; அதிலிருந்து மற்றொன்று பிறக்கும்; இறுதியில் மறைக்கப்பட்ட செய்தி வெளிப்பட்டே தீரும். பிரிட்டிஷ் பொருள்களுக்குச் சலுகை அளித்த 1932ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையை முடித்துவிட வேண்டுமென்று 1936ஆம் ஆண்டில் மத்திய சட்டசபை தீர்மானித்தது. சபையின் தீர்ப்பை வைசிராய் தம் அதிகாரத்தால் புறக்கணித்த போதெல்லாம், இந்தியாவில் நடப்பது மக்களாட்சியன்று என்பது உலகிற்கு வெளிப்பட்டது. தோல்வியையும் சான்றாக மாற்றும் இத்திறமே அவருடைய அவைப்போரின் நுட்பம்.

அச்சபையில் காங்கிரஸ் கட்சியின் தலைவராக விளங்கியவர் பம்பாய் வழக்கறிஞர் புலாபாய் தேசாய். சத்தியமூர்த்தி பின்னர் அக்கட்சியின் துணைத்தலைவராக உயர்ந்தார். கடுமையாகத் தாக்கிப் பேசினும், அவைமரபை அவர் மீறியதில்லை. பகைமை கொள்கையோடு நின்றது.

கைக்கெட்டிய பதவி

1936ஆம் ஆண்டு அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். விருதுநகரைச் சேர்ந்த காமராசர் என்னும் இளைஞரிடம் மறைந்து கிடந்த ஆற்றலை உணர்ந்து, அவரைச் செயலாளராக அமைத்துக் கொண்டார். மேடையில் முழங்குபவர் ஒருவர். சொல் சுருக்கிச் செயல் பெருக்குபவர் மற்றொருவர். அவர்களுக்கிடையே அமைந்த அன்பு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உள்ள அன்பை ஒத்தது.

1937ஆம் ஆண்டில் மாகாண சட்டசபைகளுக்குத் தேர்தல் வந்தது. சென்னை மாகாணத்தில் காங்கிரசின் வெற்றிக்காகச் சத்தியமூர்த்தி ஊர் ஊராகச் சென்று உழைத்தார். பதவி ஏற்க வேண்டும் என்று காங்கிரசுக்குள் வற்புறுத்தி வந்தவருள்ளும் அவர் முதன்மையானவர். பல்கலைக்கழகத் தொகுதியில் அவரே நிற்பார் என்றும், வெற்றி பெற்றால் அமைச்சரவையில் தலையாய இடம் பெறுவார் என்றும் பலர் எதிர்பார்த்தனர். ஆயினும், இராஜாஜி அத்தொகுதியில் நிற்க வேண்டுமென்ற நிலை வந்தபோது, சத்தியமூர்த்தி விலகி வழிவிட்டார். 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. அவ்வாண்டு ஜூலையில் இராஜாஜி பிரதமராகப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே வழங்கினர்.

சட்டசபை வேண்டாமென்று கயையில் வாதாடியவர் ஆட்சிப் பீடம் ஏறினார். அந்நெறியே தக்கதென்று பதினைந்து ஆண்டுகள் வாதாடியவர் வெளியே நின்றார். இதனால் அவர் உள்ளம் வருந்தாமலிருந்திருக்க முடியாது. ஆயினும், அவர் கட்சியைப் பிளக்கவில்லை. போட்டி அணி அமைக்கவில்லை. மத்திய சட்டசபையில் தம் பழைய இருக்கைக்கே சென்று, முன்போலவே வினாக்களைத் தொடுக்கலானார். பேசும் துணிவினும் பெரிது, உரிய இடத்தில் தம்மை அடக்கிக்கொள்ளும் துணிவு.

1940ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகக் காமராசர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது, முன்பு தலைவராயிருந்த சத்தியமூர்த்தி, தம் மாணவர் போன்ற அவர்கீழ்ச் செயலாளராக இருந்து பணி செய்தார். இருக்கையின் உயர்வு தாழ்வு அவர்க்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

நகருக்கு நீர் தந்தவர்

1939ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னை மாநகரத்தின் மேயரானார். குற்றாலத்தருவிகள் கொட்டி முழங்க, சிற்றாற்றின் கரையில் வாழும் தென்காசி வட்டாரத்து மக்களுக்குக் குடிநீர்ப் பஞ்சத்தின் கொடுமை எளிதில் விளங்காது. சென்னைக்கோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழை பொய்த்தால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் நகரம் தவிக்கும். மக்கள் தொகையோ பெருகிக்கொண்டே வந்தது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி என்னுமிடத்தில் அணை கட்டி நீரைத் தேக்க வேண்டும் என்ற திட்டத்தைச் சத்தியமூர்த்தி ஊக்கத்தோடு மேற்கொண்டார்.

அஃது இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். பணமும் பொருளும் போருக்கே செலவாயின. போர் முடியட்டும் என்று காத்திருப்பது எளிய வழி. மக்களின் தாகம் காத்திராது என்றறிந்த அவர், காலம் தாழ்த்தாது முயன்றார். 1940ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 1944ஆம் ஆண்டு நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அந்நீரைக் காண அவர் உயிரோடு இல்லை. இன்று 3231 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும் அத்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் வழங்குகிறது.

இறுதிப் பயணம்

மேயராகப் பணியாற்றிய பின்னும் சிறை அவரை விடவில்லை. 1940ஆம் ஆண்டு காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தபோது மீண்டும் கைது செய்யப்பட்டார். இம்முறை அவரை நெடுந்தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டு சென்றனர். அப்பயணத்தின்போது அவருடைய முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. முன்னரே நலிந்திருந்த உடல் அதனைத் தாங்கவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் கிடந்த அவர், 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. நாடு விடுதலை பெற இன்னும் நான்கு ஆண்டுகளும் சில திங்களும் இருந்தன.

அவர் அமைச்சராகவில்லை, செல்வம் சேர்த்து வைக்கவில்லை. அவரால் ஊக்குவிக்கப்பட்ட காமராசர் 1954ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு வரை முதலமைச்சராக இருந்து, ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்டார். தமிழ்நாடு காங்கிரசின் தலைமை நிலையம் சத்தியமூர்த்தி பவன் என்று பெயர் பெற்றது. அந்நியர் ஆண்ட காலத்து அவையில் அவர் பயன்படுத்திய வினா என்னும் படைக்கலம், இன்று சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மக்கள் பிரதிநிதிகளின் கையில் இருக்கிறது. ஆளுவோரை நோக்கி அஞ்சாது வினவுதலும், வினவுமுன் ஆழ்ந்து கற்றலும், தமக்கு வரும் பயனை எண்ணாது உழைத்தலும் உள்ளவரை அப்படைக்கலம் மழுங்காது. அவற்றைக் கைக்கொள்ளும் ஒவ்வொருவரும் தீரர் சத்தியமூர்த்தியின் வழித்தோன்றலே ஆவர்.